அறுபதக்கா

காரின் கதவைத் திறந்ததும் அக்கா கையை உள்ளே விடமாட்டார். மூக்கைத்தான் விடுவார். இடுப்பை வளைத்து, தலையை ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு. "ம்... கார்பெட் நனைஞ்சு காஞ்சிருக்கு. சமீபத்துலதான்" என்பார். அடுத்த இழுப்பு டேஷ்போர்டுக்கு அடியில். "கருகல் இல்ல. பிழைச்சோம்." மூன்றாவது பின்சீட்டில். அங்கே பெரும்பாலும் பிள்ளைகள் சிந்திய பால் புளித்த வாசம்தான் வரும். அதற்கென்றே ஒரு முகச்சுளிப்பு வைத்திருக்கிறார். வெளியே நிற்கும் வண்டிக்காரர், தான் வந்த இடம் சரிதானா என்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்ப்பார்.

"போன ஜென்மத்துல அண்ணி போலீஸ் நாயா இருந்திருப்பாங்க" என்பான் கொழுந்தன், பக்கத்து வண்டியின் அடியில் படுத்தபடி.

"இந்த ஜென்மத்துல உன்கூட மாரடிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்று பதில் உள்ளிருந்தே வரும்.

பட்டறை அவர்கள் இரண்டு பேருடையது. இன்ஜின், பிரேக், எண்ணெய், அழுக்கு எல்லாம் கொழுந்தன். கம்பி என்று பெயர் சொல்லத் தக்க எதுவும் அக்கா. அவன் ஆமை, ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதைப் பற்றிச் சற்று யோசிப்பான். இவர் கொதிக்கிற எண்ணெயில் விழுந்த கடுகு. நின்று பேசத் தெரியாது. ஒரு கால் தரையிலும் ஒரு கால் காருக்குள்ளுமாக, தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, "என் கண்ணாடியை எவன் எடுத்தது?" என்று அதட்டிக்கொண்டே வேலை நடக்கும்.

அறுபதக்கா என்ற பெயரைக் கேட்டுவிட்டு நரைத்த தலையைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிச் சில வருஷம்தான் ஆகிறது. யாராவது வயதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார். கேட்டவரைப் பிடித்து உட்காரவைத்து விளக்கவே ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பயந்தே பலர் கேட்பதில்லை.

"இப்ப வர்ற கார்ல இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒண்ணு, ஸ்டீயரிங்குக்கு ஒண்ணு, கதவுக்குக்கூட ஒண்ணு. கூட்டுக்குடும்பம்னு வச்சுக்கங்க. எல்லாரும் பேசிக்கிறது ஒரே ஜோடி ஒயர்லதான். ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கிட்டே வண்டி முழுக்க ஓடும், புருஷன் பொண்டாட்டி மாதிரி. இந்த டேஷ்போர்டு இருக்கே, பாவம், அதுக்குச் சொந்தமா ஒரு எழவும் தெரியாது. வேகம் இவ்வளவுன்னு ஒருத்தன் சொல்வான், சூடு இவ்வளவுன்னு இன்னொருத்தன் சொல்வான், அதைக் கேட்டு முள்ளைத் தூக்கிக் காட்டும். திடீர்னு வீட்ல யாருமே பேசலைன்னா? பயந்துபோயி இருக்கிற விளக்கை எல்லாம் போட்டுரும். வண்டிக்காரன் டேஷ்போர்டு போச்சுன்னு நெனச்சுக்குவான். எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன ஆகப்போகுது?"

அந்த ஜோடிக் கம்பியின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மின்தடுப்பான் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால், கம்பி எங்கும் அறுபடாமல் இருந்தால், அறுபது ஓம் காட்டும். ஒரு பக்கம் துண்டாகியிருந்தால் இரட்டிப்பாகும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அறுபது வந்ததும் அக்கா "அறுபது!" என்று போடுகிற கூச்சல், தெருமுனையில் வாழைப்பழம் விற்கிறவர் வரை கேட்கும். அவர்தான் இந்தப் பெயரை வைத்தது. பெயர்ப்பலகையில் கொழுந்தன் பெயருக்குக் கீழே வேறேதோ எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

அக்கா முதலில் தொலைபேசிக் கம்பங்களில் ஏறிக்கொண்டிருந்தவர். மழைக்குப் பிறகு எந்த வீட்டு போன் கரகரக்கிறதோ அந்த வீட்டுக் கம்பியைத் தேடிப்போய் இணைக்கிற வேலை. எல்லாரும் கைபேசிக்கு மாறியபோது அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அங்கயும் ஜோடி ஒயர், இங்கயும் ஜோடி ஒயர். என்ன, இங்க கம்பத்துல ஏறவேண்டாம், தரையில பொரண்டா போதும்" என்று கொழுந்தனின் பட்டறைக்குள் நுழைந்தவர்தான்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்றால் வண்டியைத் தொடமாட்டார். "ஓட்டுற ஆளும் வேணும். ஜுரம் புள்ளைக்குத்தான், ஆனா எப்ப வந்துச்சுன்னு தாய்தானே சொல்லணும்?" வருகிறவர் ஓட்டவேண்டும், அக்கா பக்கத்து சீட்டில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். வழி நெடுக விசாரணை. மழையிலா வெயிலிலா? திரும்பும்போதா, நேராகப் போகும்போதா? பாட்டுப் போட்டிருந்தீர்களா? யாரோடாவது சண்டையா? கடைசிக் கேள்விக்கும் காரணம் இருக்கிறது. கோபத்தில் கதவை அறைகிறவர்கள் வண்டியில் கதவுக் கம்பி சீக்கிரம் போகுமாம்.

அப்படி ஓட்டிப்போகும்போது கோளாறு வந்துவிட்டால் அக்காவைப் பிடிக்க முடியாது. நடுரோட்டில் முட்கள் விழுந்து, விளக்கெல்லாம் எரிந்து, வண்டிக்காரர் வெலவெலத்துப் போயிருக்கும்போது இவர் சீட்டிலேயே குதிப்பார். "வந்துட்டான்! வந்துட்டான்! அசையாதீங்க!" ஒருவர் கோபித்துக்கொண்டு இறங்கியே போய்விட்டார். அக்காவுக்கு இன்றுவரை அவர் கோபம் புரியவில்லை. "வராத வியாதியை எப்படிங்க பாக்கிறது? வந்தா சந்தோஷப்படவேண்டாமா?"

இந்த வருஷம் வெயில் ஏற ஆரம்பித்த ஒரு காலையில் கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருவரின் வெள்ளைக் கார் பட்டறைக்கு வந்தது. பின்னாலேயே ஸ்கூட்டரில் அவருடைய அண்ணன். மருந்துக்கடை வைத்திருப்பவர், கடையைத் திறக்காமல் வந்திருந்தார்.

டீச்சருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் கிடையாது. காலுக்குப் பதில் கையால் பிரேக்கையும் வேகத்தையும் ஆள்கிற மாதிரி ஸ்டீயரிங்குக்கு அருகே ஒரு கைப்பிடி பொருத்திய வண்டி. வந்து நின்றதும் கதவைத் திறந்து, பக்கத்து சீட்டின் காலடியில் மடங்கிக் கிடந்த சக்கர நாற்காலியைத் தன் மடிமேலாகவே இழுத்து வெளியே எடுத்து, விரித்து, அதில் தாவி உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் உதவி செய்யலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் பட்டறைக்குள் வந்தே விட்டார்.

"அக்கான்னு சொன்னாங்க. வயசானவங்கன்னு நெனச்சேன்" என்றார் டீச்சர்.

"அதுக்குப் பெரிய கதை இருக்கு, அப்புறம் சொல்றேன். முதல்ல வியாதியைச் சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். பள்ளிக்கூடம் போகும் வழியில் திடீரென்று எல்லா முள்ளும் செத்து விழும். விளக்குகள் திருவிழா மாதிரி எரியும். ஸ்டீயரிங் கல்லாகிவிடும். சில சமயம் தானாகவே சரியாகிவிடும். சில சமயம் வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. சாவியை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல வண்டி சாதிக்கும். முந்தின நாள் மேம்பாலத்தின் நட்ட நடுவில் அப்படி ஆகிவிட்டது. பின்னால் ஒரு லாரி. ஹார்ன் அடித்தே அவர் காதைச் செவிடாக்கிவிட்டார்கள்.

"மூணு இடத்துல காட்டியாச்சும்மா" என்று அண்ணன் குறுக்கே வந்தார். குரலில் தூக்கமில்லாத எரிச்சல். "டேஷ்போர்டையே புதுசா மாத்தியாச்சு. அவங்க ஓட்டிப் பாக்கிறப்ப எல்லாம் நல்லா ஓடுது. இவகிட்ட வந்தா நின்னுடுது. போதும். இன்னைக்குச் சாயங்காலம் வண்டியை வாங்கிக்க ஆள் வர்றாங்க. இவதான் கடைசியா ஒரு தடவைன்னு அடம்பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தா."

"வண்டி போனா நான் ஸ்கூலுக்கு எப்படிப் போறது?"

"நான் கொண்டுபோய் விடறேன்னு சொன்னேனா இல்லையா?"

"அதான் பயமா இருக்கு" என்று டீச்சர் சிரித்தார். உடனே சிரிப்பு அடங்கியது. "நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமா போறேன்? நெனச்சா ஏரிக்கரைக்குப் போவேன். போற வழியில மனசு மாறினா வேற பக்கம் திரும்புவேன். உன்கிட்ட ஒவ்வொரு தடவையும் 'அண்ணே, மனசு மாறிடுச்சு'ன்னு சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?"

அண்ணன் ஸ்கூட்டர் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அக்காவின் கால் ஏற்கெனவே தரையில் நிற்கவில்லை. "மூணு பேர் பாத்துமா மாட்டலை! பலே!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். கதவைத் திறந்து மூக்கை விட்டார். ஈரம் இல்லை, கருகல் இல்லை, பால் இல்லை. சாக்பீஸ் வாசம் மட்டும். ஸ்கேனரைச் சொருகினார். திரையில் புகார்கள் வரிசையாக வந்து விழுந்தன. இன்ஜின், பிரேக்கின் பேச்சு கேட்கவில்லை என்றது. பிரேக், ஸ்டீயரிங்கைச் சொன்னது. ஸ்டீயரிங், டேஷ்போர்டைச் சொன்னது.

"பாத்தீங்களா டீச்சர்! எல்லாரும் எல்லாரையும் குத்தம் சொல்றாங்க. ஒருத்தனைப் பத்தி மட்டும் சொன்னா அவன் மேல சந்தேகப்படலாம். இது அப்படி இல்ல. வீட்ல யாரும் கெட்டவங்க இல்ல. நடுவுல இருக்கிற பாதையிலதான் ஏதோ அடைக்குது."

"இன்டிபென்டென்ட் வேரியபிள் இல்லாம எல்லாமே டிபென்டென்ட்" என்றார் டீச்சர்.

"என்ன சொன்னீங்கன்னு புரியலை, ஆனா அதேதான்!"

பேட்டரியைக் கழற்றி மீட்டரை வைத்தார். "அறுபது!" தெருமுனை வரை கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் பாதியிலேயே சுருதி இறங்கிவிட்டது. அறுபது என்றால் கம்பி முழுசாக இருக்கிறது. கம்பி முழுசாக இருந்தால் பேச்சு ஏன் நிற்கிறது?

"ஓட்டுங்க, பாத்துடலாம்" என்று பேட்டரியை மாட்டினார். ஜோடியில் ஒரு கம்பியின் துடிப்பு தெரிகிற மாதிரி மீட்டரை டேஷ்போர்டின் அடியில் இருக்கும் சாக்கெட்டில் சொருகி, மீட்டரோடு பக்கத்து சீட்டில் ஏறினார். நாற்காலியைக் கொழுந்தனிடம் தந்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

டீச்சர் ஓட்டுகிற அழகை அக்கா பிறகு ஊரெல்லாம் சொன்னார். குறுகலான சந்துகளில் ஒரு கையால் திருப்பி, மறு கையால் வேகத்தை நறுக்கி, வண்டி வழுக்கிக்கொண்டு போனதாம். குழியில் இறங்கினார்கள். வேகத்தடையில் வேண்டுமென்றே குலுக்கினார்கள். பெட்ரோல் பங்க் வளைவில் சக்கரம் கிறீச்சிட வட்டமடித்தார்கள். இரண்டு பேரும் சின்னப் பெண்கள் மாதிரி கத்தினார்கள். மேம்பாலத்தில் ஏறி, முந்தின நாள் நின்ற அதே இடத்தைக் கடந்தார்கள். மீட்டரின் எண் இரண்டரை வோல்ட்டை ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. வண்டி அன்று பிறந்ததுபோல ஓடியது.

பட்டறைக்குத் திரும்பியபோது அக்காவின் முகம் சுருங்கியிருந்தது. "ஒண்ணும் வரலை" என்றார், தேர்வில் தோற்ற பிள்ளை மாதிரி.

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன். ஜெயித்த தொனி அதில் இல்லை. "மூணு இடத்துலயும் இதேதான். விடுங்கம்மா. நீங்க என்ன செய்வீங்க? பாப்பா, நாற்காலியை ஏத்து, வீட்டுக்குப் போலாம்."

அக்கா மீட்டரைக்கூடக் கழற்றாமல், அதைச் சீட்டிலேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கி நின்றார். தோல்வியில் என்ன செய்வது என்று அவருக்கு அதிகம் பழக்கமில்லை. டீச்சர், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் ஓட்டுநர் சீட்டில் இருந்தபடியே, கொழுந்தன் தள்ளிக்கொண்டு வந்த நாற்காலியை மடக்கி, மடிமேலாக இழுத்து, பக்கத்து சீட்டின் காலடியில் நிறுத்தினார். தரையில் இருந்த கொக்கியில் பட்டையை மாட்டி இறுக்கினார்.

முட்கள் விழுந்தன. டேஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக அத்தனை விளக்கும் எரிந்தன. மீட்டரில் இரண்டரை இருந்த இடத்தில் பூஜ்யம்.

அக்கா போட்ட கூச்சலில் கொழுந்தன் கையில் இருந்த ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டான். "வந்துட்டான்! வந்துட்டான்டா! யாரும் மூச்சு விடாதீங்க!"

"அண்ணி, கால்..."

"கால் அப்புறம்! எந்த மகராசன் எதை அசைச்சீங்க? சொல்லுங்க!"

"இருங்க" என்றார் டீச்சர். அவர் குரலும் மாறியிருந்தது. கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது வருகிற குரல் அது. "ஒரு நிமிஷத்துக்கு முன்னால வண்டி நல்லா இருந்துச்சு. இப்ப இல்ல. நடுவுல என்ன மாறிச்சு? நீங்க இறங்கினீங்க. நாற்காலி ஏறிச்சு. அவ்வளவுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு இடத்துலயும் மெக்கானிக் எங்க உட்காந்தாங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"இதே சீட்ல. இல்லைன்னா அவங்களே ஓட்டிட்டுப் போனாங்க. அப்ப நான் நாற்காலியில அவங்க பட்டறையில உட்காந்திருந்தேன்."

"நாற்காலி வண்டியில ஏறவே இல்ல!"

"ஏறவே இல்ல!"

டீச்சர் பட்டையைக் கழற்றினார். முட்கள் எழுந்தன. மாட்டி இறுக்கினார். விழுந்தன. கழற்றினார். எழுந்தன. புதிதாக விளக்கு ஸ்விட்ச் கண்டுபிடித்த குழந்தை மாதிரி அவர் அதையே திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு முறை விழும்போதும் அக்கா கைதட்டினார். வாழைப்பழக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, அறுபதா?" என்றார். "இன்னைக்குச் சைபர்தான்யா! சைபர்!" என்று அக்கா ஆனந்தமாகக் கத்தினார். அவர் குழம்பிப் போனார்.

அதற்குமேல் அக்கா யார் கண்ணுக்கும் படவில்லை. பாதி உடம்பு காருக்குள் போய்விட்டது. நாற்காலியை இறக்கி டீச்சரிடம் கொடுத்து, சீட்டைக் கழற்றி, கதவோரத்துப் பிளாஸ்டிக்கை உரித்து, கார்பெட்டைச் சுருட்டினார். அடியில் கறுப்பு நாடா சுற்றிய கம்பிக் கட்டு ஒன்று கதவை ஒட்டிப் பின்பக்கம் ஓடியது. டார்ச் வெளிச்சம் அதன்மேல் ஊர்ந்து, ஓர் இடத்தில் நின்றது.

நாற்காலியைக் கட்டுகிற கொக்கியைப் பிடித்திருந்த திருகாணி, தகட்டுக்குள் இறங்குவதற்கு முன் கம்பிக் கட்டை உரசிக்கொண்டு போயிருந்தது. நாடாவைக் கிழித்து, முறுக்கிய ஜோடியில் ஒரு கம்பியின் தோலை நகத்தால் கீறியதுபோலக் கீறியிருந்தது. உள்ளே தாமிரம் மினுக்கியது. சும்மா இருக்கும்போது திருகாணிக்கும் தாமிரத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. பட்டையை இறுக்கினாலோ, வளைவில் நாற்காலி சாய்ந்து இழுத்தாலோ, கொக்கி சரிந்து திருகாணி தாமிரத்தில் போய் முட்டும். கம்பி அறுபடவே இல்லை, அதனால்தான் அறுபது. ஆனால் முட்டிய கணத்தில் அதன் பேச்சு முழுவதும் வண்டியின் இரும்பு உடம்புக்குள் ஓடி மறைந்துவிடும். குடும்பமே ஊமை.

"கிடைச்சான்!" உள்ளிருந்து குரல் வந்தது. "அடப்பாவி! அழகா ஒளிஞ்சிருக்கான் பாருங்க! எந்த மடையன்யா இங்க ஸ்குரூ அடிச்சது? கீழ என்ன ஓடுதுன்னு பாக்கவேண்டாமா? கார்பெட்டைத் தூக்கிப் பாக்கக்கூட அவனுக்கு..."

"நான்தான்" என்றார் அண்ணன்.

கொழுந்தன் கால் வலியை மறந்தான். அக்கா மெல்ல மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்தார். மூக்கில் இருந்த கண்ணாடி கோணியிருந்தது.

"ஒரு நாள் இவ பிரேக் போட்டப்ப நாற்காலி சாஞ்சு, அதோட இரும்புக் கம்பி இவ தோள்ல அடிச்சிடுச்சு" என்றார் அண்ணன். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. தரையைப் பார்த்துத்தான் பேசினார். "கறுத்துப்போய் வீங்கியிருந்தது. ஒண்ணுமில்லைன்னு சொன்னா. எனக்கு மனசு கேக்கலை. லீவு நாள்ல உட்காந்து நானே அளந்து, கொக்கி வாங்கி... நல்லா இறுக்கமா இருக்கணும்னு பெரிய ஸ்குரூவா போட்டேன். வண்டி நிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். மேம்பாலத்துல இவ நின்னது... பின்னால லாரி..."

அவருடைய எப்போதும் ஏதாவது சுற்றிக்கொண்டிருக்கும் விரல்கள் அசையாமல் தொங்கின.

அக்கா கண்ணாடியை நேராக்கிக்கொண்டார். கொழுந்தனைப் பார்த்தார். அவன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

டீச்சர்தான் நாற்காலியை உருட்டிக்கொண்டு அண்ணனருகே போனார். "நான் மூணு மாசமா இந்த வண்டியைத் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். "நீதானா அது?"

அண்ணன் நிமிர்ந்தார். டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "பயத்துல கொக்கி அடிச்சே. கொக்கியால வண்டி நின்னுது. வண்டி நின்னதால பயந்து, வண்டியையே விக்கக் கிளம்பினே. உன்னை என்ன பண்றது, சொல்லு?"

"பாப்பா..."

"போ. போய் அந்த ஆளுக்கு போன் போடு."

அண்ணன் வாசலுக்குப் போனார். அவர் பேசியது உள்ளே அரைகுறையாகக் கேட்டது. "இல்லீங்க... வண்டி விக்கிறதுக்கில்லீங்க... கோளாறா? அது வண்டியில இல்லீங்க..." அதற்கப்புறம் தெருவில் ஒரு பஸ் போனது.

அக்கா வேலையில் இறங்கிவிட்டார். கீறல் விழுந்த இடத்தை வெட்டி, புதுக் கம்பி சேர்த்து, பற்றவைத்து, மேலே குழாய் மாதிரி இருக்கும் ரப்பர் உறையைச் சூடுகாட்டி இறுக்கினார். பிரித்த ஜோடியை மறுபடி அதே முறுக்கில் முறுக்கினார். "முறுக்கு கலையக்கூடாது டீச்சர். சேந்து முறுக்கிக்கிட்டு இருக்கிறவரைக்கும் வெளியில என்ன இரைச்சல் இருந்தாலும் ரெண்டும் தாங்கும்" என்று வாய் ஓடிக்கொண்டே இருந்தது. மீட்டரை வைத்தார். "அறுபது!" இந்தத் தடவை சுருதி இறங்கவில்லை. டீச்சரும் சேர்ந்து கத்தினார். அக்கா பேட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்பி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக் குலுக்கினார், கதவை அறைந்தார், கொழுந்தனின் கருவிப் பெட்டியைத் தூக்கிக் காலடியில் தொப்பென்று போட்டு அதன்மேல் ஏறி மிதித்தார். முட்கள் மலைபோல நின்றன. ஸ்கேனரில் இருந்த பழைய புகார்களையெல்லாம் டீச்சரையே பொத்தானை அமுக்கி அழிக்கச் சொன்னார். புதிதாக ஒன்றும் வரவில்லை. குடும்பம் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது.

மிச்சம் இருந்தது கழற்றிவைத்த கொக்கி. அது இல்லாவிட்டால் நாற்காலி மறுபடி டீச்சர்மேல் சாயும். கொழுந்தன் அதைக் கையில் எடுத்து, எங்கே மாட்டலாம் என்று தன் வழக்கப்படி யோசிக்கத் தொடங்கினான்.

"குடு இங்க" என்று அக்கா அதை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்றிருந்தவரைப் பார்த்து, "சார், வாங்க. வந்து மாட்டுங்க" என்றார்.

அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம்மா. இனிமே இந்த வண்டியில நான் ஒரு ஆணிகூடத் தொடமாட்டேன். நீங்களே மாட்டிடுங்க."

"நான் மாட்டினா எனக்குத்தான் தெரியும் எங்க இருக்குன்னு. உங்களுக்குத் தெரியவேண்டாமா? நாளைக்கு லூஸானா யார் இறுக்கிறது? வாங்க."

டீச்சர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி வழிவிட்டார். அண்ணன் தயங்கித் தயங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவோரம் மண்டியிட்டார். அக்கா எதிர்ப்பக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்து குப்புறப் படுத்தார். தகட்டில் ஓர் இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். "இங்க. கீழ ஒண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன்." கொழுந்தன் துளை போட்டுக் கொடுத்தான். அண்ணன் கொக்கியை வைத்து, திருகாணியைத் துளையில் நிறுத்தினார். திருகாணியின் முனை துளையை விட்டு விட்டு வழுக்கியது.

அக்கா அந்த முனை வழுக்குவதைப் பார்த்தார். பிறகு டார்ச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை விரித்துக் கம்பிக் கட்டின்மேல் கவிழ்த்து வைத்தார், திருகாணிக்கு மிக அருகில்.

"கையை எடுங்கம்மா, பட்டுடப்போகுது" என்றார் அண்ணன்.

அக்கா எடுக்கவில்லை.

"ம். திருகுங்க" என்றார்.